இடது பக்கப் பெட்டி

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு தெருவில் கெங்கம்மாளின் வீடு இருக்கிறது. அவளுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. கணவர் சீனுவாசன் சர்க்கரை ஆலை ஒன்றில் கரும்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலம் பக்கத்தில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. அதில் மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலையைப் போடுவதிலிருந்து பிடுங்கிக் காயவைப்பது வரைக்கும் எல்லாம் கெங்கம்மாள்தான். ஒரே மகள் கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவளைக் கட்டிக்கொடுத்ததும் விழுப்புரத்திலேயேதான்.

சீனுவாசனுக்கு வேலையில் நல்ல பெயர் கிடையாது. கரும்பு முற்றிய பிறகு வெட்டுவதற்கு ஆலையிலிருந்து உத்தரவு வர வேண்டும். அது அவர் கையில் இருந்தது. வணக்கம் சொல்லாத விவசாயியின் உத்தரவு பத்து நாள் தள்ளிப்போகும். பத்து நாள் தள்ளினால் கரும்பு காய்ந்து எடை இறங்கிவிடும். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனசார நேசித்தது ஒரே ஒரு பொருளை. கல்யாணமான இரண்டாம் வருடம் புதுச்சேரிக்குப் போய், வாடகை வேனில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஏற்றிக்கொண்டு வந்த ஸ்டீரியோ செட். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப் டெக், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் செல்போனிலிருந்தே பாட்டு வந்தது. பெட்டிகள் மட்டும் அதே பெட்டிகள். கூடத்தில் எந்த இடத்தில் அவை நிற்க வேண்டும், எந்த இடத்தில் அவருடைய நாற்காலி இருக்க வேண்டும் என்பதை டேப் வைத்து அளந்து தரையில் பெயிண்டால் குறி போட்டிருந்தார். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை அவர் அந்த நாற்காலியில் இருப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் மிக்சி ஓடக்கூடாது, குக்கர் விசில் வரக்கூடாது, குழந்தை அழக்கூடாது. கெங்கம்மாள் ஐந்தரைக்குள் சமையலை முடித்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில், ஒரு பெட்டியின் துணியை விலக்கிப் பார்த்தபோது, ஸ்பீக்கரின் நடுவில் குமிழாக இருக்கும் மூடி உள்ளே அமுங்கிக் கிடந்தது. கலைப்பிரியாவுக்கு அப்போது நான்கு வயது. யார் செய்தது என்று சீனுவாசன் கேட்டார். துடைக்கும்போது தன் கை பட்டுவிட்டது என்று கெங்கம்மாள் சொன்னாள். அவர் இன்னொரு முறை கேட்டார். அவள் அதையே சொன்னாள். அவர் கையை நன்றாக ஓங்கி அவளுடைய இடது காதோடு சேர்த்து அறைந்தார்.

அன்று காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. ஒரு வாரம் கழித்துச் சீழ் வந்தது. ஆலையில் கரும்பு அரவைக் காலம், லீவு போட முடியாது என்று சீனுவாசன் சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். அவளும் அப்படியே சொன்னாள். சீழ் நின்றது. காது திரும்பவில்லை.

ஒரு காதோடு வாழ அவள் பழகிக்கொண்டாள். யாராவது பேசினால் முகத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுப்பாள். பின்னாலிருந்து சத்தம் வந்தால் எந்தத் திசை என்று தெரியாது. அதனால் சாலையைக் கடக்கும்போது நான்கு பக்கமும் பார்ப்பாள். இதில் அவளுக்குக் கிடைத்த ஒரே வசதி, வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் எதுவுமே கேட்காது. அவள் பதில் சொல்லாமல் போகும் ஒவ்வொரு தடவையும் சீனுவாசன் அவளைச் செவுடி என்பார். தெருவில் நாலு பேர் இருக்கும்போதும் சொல்வார். அந்தச் சொல்லுக்கும் தன் கைக்கும் உள்ள சம்பந்தம் அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று சொல்ல முடியாது. திட்டுகிற சொல்லாகவே அது அவருக்குப் பழகிவிட்டது.

போன வருடம் வெயில் காலத்தில் பெட்டிகளிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சீனுவாசன் துணியைக் கழற்றிப் பார்த்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி ஒரு நுரை வளையம் இருக்கும். முப்பது வருடத்தில் அது மக்கி, விரல் பட்டதும் தூள் தூளாக உதிர்ந்தது. இதைச் சரி செய்வதா, பெட்டிகளையே மாற்றுவதா என்ற யோசனை அவரை மூன்று மாதம் பிடித்து ஆட்டியது. ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு வேலையும் இல்லை. செல்போனில் வீடியோவாகப் பார்த்தார். சென்னைக்கு ஒரு தடவை போய்ப் புதுப் பெட்டிகளைக் கேட்டுவிட்டு வந்து, எல்லாம் தகர டப்பா என்றார். மறுநாள், பழசைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன பிரயோஜனம் என்றார். முடிவு எடுக்க முடியாத ஒவ்வொரு நாளும் அவருடைய கோபம் சோற்றின் மேலும் குழம்பின் மேலும் இறங்கியது. பெட்டி மக்கிப்போனதற்குக் காரணம் அவள் வீட்டை ஈரத்துணி போட்டுத் துடைத்ததுதான் என்று ஒரு நாள் கண்டுபிடித்தார்.

கடைசியில் விழுப்புரத்திலிருந்து சின்னதுரை என்ற மெக்கானிக் வந்தார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாத மனிதர். கூம்பும் அதன் பின்னால் இருக்கும் கம்பிச்சுருளும் நன்றாக இருக்கின்றன, வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், இந்த மாதிரிப் பெட்டி இனிமேல் கிடைக்காது என்று சொன்னார். இரண்டையும் எடுத்துப்போய்ப் புது வளையம் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கைந்து மாதம் சீனுவாசனுக்குக் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

தை மாதம் ஒரு காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், இடது காதில் தண்ணீர் புகுந்த மாதிரி அடைத்திருக்கிறது என்றார். தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தார், பஞ்சு வைத்துத் துடைத்தார். அன்று மாலை பாட்டுப் போட்டதும் எழுந்துவிட்டார். இடது பக்கப் பெட்டி வேலை செய்யவில்லை. சின்னதுரையைப் போனில் கூப்பிட்டுத் திட்டினார். அரைகுறையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய், மரியாதையாக வந்து பார் என்றார்.

சின்னதுரை மறுநாளே வந்தார். கெங்கம்மாள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையற்கட்டின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் பாடுகின்றன என்று சின்னதுரை சொன்னார். இல்லை என்றார் சீனுவாசன். சின்னதுரை இடது பெட்டியைத் தூக்கி வலது பக்கமும் வலது பெட்டியை இடது பக்கமும் வைத்தார். அப்போதும் இடது பக்கம்தான் கேட்கவில்லை என்றார் சீனுவாசன். சின்னதுரை ஆம்ப்ளிஃபயரில் ஒயர்களை மாற்றிச் செருகிப் பார்த்தார். அப்போதும் இடது பக்கம்தான். சின்னதுரை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். சீனுவாசன் உட்கார்ந்தார். இப்போது எந்தப் பெட்டி கேட்கவில்லை என்று சின்னதுரை கேட்டார். சீனுவாசன் கையைக் காட்டினார். சற்று முன்வரை நன்றாகப் பாடுகிறது என்று அவர் சொன்ன வலது பக்கத்துப் பெட்டி அது.

"பொட்டில ஒண்ணும் இல்ல சார்," என்றார் சின்னதுரை. "காதைக் காட்டிடுங்க. எங்க மாமாவுக்கு இப்படித்தான் ஒரே நாள்ல போச்சி. உடனே போயிருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க. ஜல்தியா போயிடுங்க சார்."

சீனுவாசன் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்தார். வேலை தெரியாதவன் எல்லாம் எனக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டான் என்று ஆரம்பித்து, சின்னதுரையின் சாதியையும் இழுத்துப் பேசினார். சின்னதுரை டீயைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சீனுவாசனுக்குத் தன் பக்கம் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது.

"இந்தாமே, கையத் தொடச்சிக்கினு இங்க வா," என்றார். "இதுல ஒக்காரு."

கெங்கம்மாளுக்குப் புரியவில்லை. அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார். பாட்டைப் போட்டார்.

எல்லாச் சத்தமும் அவளுக்கு வலது பக்கத்திலிருந்துதான் வந்தது. வேறு எப்படியும் வராது. இடது பக்கப் பெட்டி பீரோவைப் போல வெறுமனே நின்றது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தார். நேற்றிலிருந்தே அவர் அப்படித்தான் நிற்கிறார் என்பதை அவள் கவனித்திருந்தாள். அது என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யாரும் இருக்க முடியாது. சின்னதுரை சொன்னதும் ஒரு சொல் விடாமல் அவளுக்குக் கேட்டிருந்தது.

"எந்தப் பக்கம் கம்மி?" என்று கேட்டார்.

"இடது பக்கம் ஒண்ணுமே கேக்கலிங்க."

சீனுவாசனின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தச் செவுடிக்கே தெரியுது," என்றார். "அந்த நாய்க்குத் தெரியல."

மூன்று மாதம் எடுக்க முடியாமல் கிடந்த முடிவு அந்தச் சாயங்காலமே எடுக்கப்பட்டது. பழைய பெட்டிகள் வேண்டாம், புதிதாக வாங்கிவிடலாம். சென்னைக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். வந்து சேரப் பதினாறு நாள் ஆயிற்று.

அந்தப் பதினாறு நாளில் எந்த நாளில் வேண்டுமானாலும் அவள் சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் அவர் படியில் தலைசுற்றித் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பித்தம் என்றார். அவள் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, மார்க்கெட்டுக்குப் போன இடத்தில் இடது பக்கமிருந்து ஒரு மினி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அவர் நடுச்சாலையில் போய்க்கொண்டே இருந்தார். அவள் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அத்தனை பேர் பார்க்கச் சட்டையைப் பிடித்ததற்காக அங்கேயே நிறுத்தி வைத்துத் திட்டினார். காய்கறிப் பையைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடக்கும்போது, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, பையைக் கவிழ்த்துக் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுத்து வைத்தாள். சொல்லவில்லை. அவளுக்கு அதில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று மட்டும் தோன்றியது. மறுநாளும் அதுவே தோன்றியது.

புதுப் பெட்டிகள் வந்தன. ஒயர் மாட்டி ஒரு பாட்டுப் போட்டார், மாற்றி இன்னொரு பாட்டுப் போட்டார். இடதையும் வலதையும் இடம் மாற்றினார். பிறகு நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கெங்கம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவர் எட்டு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பவே இல்லை.

அப்பா போனில் சொன்னதும், கலைப்பிரியா மறுநாளைக்கே விழுப்புரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். பெண் டாக்டர். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதனை செய்தார்கள். நரம்பு பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். பத்தொன்பது நாள் என்றாள் கெங்கம்மாள். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், சிலருக்குத் திரும்ப வரும், இவ்வளவு தாமதமான பிறகு நம்பிக்கை சொல்ல முடியாது, ஆனாலும் முயற்சி செய்வோம் என்று டாக்டர் சொன்னார். கூடவே காதுக்குள் இரைச்சலும் இருக்கிறது, அது நிற்குமா என்று சீனுவாசன் கேட்டார். பழகிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

கோளாறு காதில்தான் என்று அப்போது தனக்குத் தெரியாது என்று சீனுவாசன் சொன்னார். அவர் குரல் உயர்ந்தது. இவள்தான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு இடது பெட்டி பாடவில்லை என்று சொன்னாள், அதை நம்பித்தான் இருந்துவிட்டேன் என்றார்.

டாக்டர் கெங்கம்மாளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பதைக் கவனித்திருக்க வேண்டும். நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவளையும் கண்ணாடி அறைக்கு அனுப்பினார். அவளுடைய பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இடது காதில் ஒன்றுமே இல்லையே, இது எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"தொண்ணூத்தெட்டுல இருந்து," என்றாள் கெங்கம்மாள்.

"விழுந்துட்டாங்க டாக்டர்," என்றாள் கலைப்பிரியா. அவளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"வுழல. இவரு அறைஞ்சாரு."

டாக்டர் பேனாவை எடுத்து, எழுதுவதா வேண்டாமா என்று கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கலைப்பிரியா தன் அப்பாவைப் பார்த்து, எதற்காக என்று கேட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். சீனுவாசன் மகளுடைய கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஸ்பீக்கர அமுக்கினது நீ. அதுல பதிஞ்சிருந்தது உன் கட்ட வெரலு. எனக்கு அன்னிக்கே தெரியும். உங்கம்மா நான்தான்னு என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னா. அதுக்குத்தான் அடிச்சேன்."

கெங்கம்மாளுக்கு அதுவரை அது தெரியாது. தான் சொன்னதை அவர் நம்பிவிட்டார், அடி தன்னோடு போயிற்று என்றுதான் இருபத்தேழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்கும் எக்காலத்திலும் தெரியக்கூடாது என்று இருந்தாள். கலைப்பிரியா தன் வலது கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

பஸ் ஸ்டாண்டுவரை மகள் கூடவே வந்தாள். திண்டிவனம் பஸ்ஸில் கூட்டம் இல்லை. சீனுவாசன் இடது பக்க இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கெங்கம்மாள் அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவளுடைய செத்த காது அவர் பக்கம் இருக்கும். அவளுக்கு இடது, அவருக்கும் இடது என்று ஆகிவிட்டபடியால், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது இனி இருவரில் ஒருவருக்குத்தான் மற்றவர் பேசுவது கேட்கும். இருவருக்கும் சேர்ந்து கேட்காது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். உதடு அசைவதை அவள் பார்த்தாள். தெரிந்துதான் சொன்னாயா என்று கேட்டிருக்கலாம். அவள் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். அவர் முழங்கையால் இடித்தார். அவள் திரும்பவில்லை.

மருந்தும் ஊசியும் மூன்று வாரம் நடந்தன. காது வரவில்லை. இரைச்சல் மட்டும் நின்றது போல் நின்று மறுபடியும் வந்தது. பூச்சி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று தினமும் காலையில் சொல்கிறார். பாட்டுப் போட்டால் அந்தப் பூச்சி இன்னும் பெரிதாகக் கத்துகிறதாம். புதுப் பெட்டிகள் மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார். முன்பு போலத்தான் திட்டுகிறார். இப்போது தான் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்பது அவருக்குத் தெரிவதில்லை. தெரு முழுக்கக் கேட்கிறது.

கலைப்பிரியா வீட்டுக்கு வரவில்லை. பங்குனி கடைசியில், பள்ளிக்கு லீவு போட்டிருந்த ஒரு நாள் பகல் நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்தாள். பழைய பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்கச் சின்னதுரையிடம் பேசினாளாம். அவர் நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

"அவரு சொன்னப்ப நீ அங்கதானம்மா இருந்த?"

"இருந்தேன்."

"உனக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொன்னால் மகள் நம்பியிருப்பாள். காது கேட்காதவள் என்று ஆஸ்பத்திரித் தாளே இருக்கிறது. 

"கேட்டுச்சி. தெரிஞ்சேதான் சொல்லல."

அந்தப் பக்கம் கலைப்பிரியா மூச்சு விடுவது கேட்டது. அவள் அழுகிறாளா என்று கெங்கம்மாளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன இருந்தாலும் அவரு எனக்கு அப்பாம்மா," என்றாள் கலைப்பிரியா. "எனக்காக நீ அடி வாங்கினதையும் என்னால தாங்க முடியல, நீ இப்ப பண்ணதையும் தாங்க முடியல. உன்கிட்ட இன்னா பேசறதுன்னே எனக்குத் தெரியல."

பேச வேண்டாம் என்றாள் கெங்கம்மாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாகிவிட்டது, வேலையைப் பார் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது, சீனுவாசனுடைய செல்லுக்கு. அவர் வலது காதில் வைத்துக்கொண்டு பேசுவார். அம்மாவிடம் கொடு என்று மகள் கேட்பதில்லை. அவரும் கொடுப்பதில்லை.

மகளிடம் பேசிய அந்தப் பகலில், போனை வைத்ததும் வெளியே மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. மயிலத்திலிருந்து வந்த பத்து மூட்டை மல்லாட்டை மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. கெங்கம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தார்ப்பாயை எடுத்துத் தோளில் போட்டாள். கூடத்திலிருந்து சீனுவாசன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் மாடிப்படி ஏறிப் போய், தூறல் விழுவதற்குள் மல்லாட்டையைக் குவிக்க ஆரம்பித்தாள்.